இன்னைக்கு என்ன சட்டை?

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினால் முதலில் தையல் மிஷின் நிற்கும். பிறகு உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. பிள்ளைகள்கூட மூச்சை அடக்கிக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுத்து, கதவில் பதித்திருக்கும் சின்ன வட்டக் கண்ணாடி இருட்டாகும். உள்ளேயிருந்து ஒரு கண் பார்க்கிறது என்று அர்த்தம். பார்த்த பிறகும் கேட்பார்.

"யாரு?"

"நான்தான்க்கா. எதிர்வீடு."

"தனியாவா வந்திருக்க?"

"ஆமாக்கா."

அதற்குப் பிறகுதான் கதவு திறக்கும். இரும்பு கிரில்லில் தொங்கும் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து என்னை உள்ளே விட்டு, மறுபடியும் ஒவ்வொன்றாகப் பூட்டுவார். கடைசிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இந்தப் பூட்டெல்லாம் வேறு யாரோ போட்டது என்று தோன்றும்.

"வாம்மா. தேத்தண்ணி போடட்டா?"

மலேசியாவில், கிள்ளானில் ஒரு பழைய பிளாட்டின் மூன்றாம் மாடியில் நாங்கள் எதிரெதிர் வீட்டில் குடியிருந்தோம். கோவிட் முடிந்து ஆபீஸ்கள் பழையபடி திறந்திருந்த சமயம். எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை, என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட். அக்கா இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக வந்து சேர்ந்தார். பெரியவளுக்கு ஏழு வயது இருக்கும். சின்னவள் பாலர்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர்கள் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. போகும்போது அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிழைப்புக்கு லிட்டில் இந்தியாவில் இருந்த ஒரு ஜவுளிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். கடைக்காரரான பாய் நல்ல மனிதர். வெட்டி மீந்த துணிகளைப் பையில் கட்டி, "பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் தைங்கம்மா" என்று கொடுத்தனுப்புவார். அந்தப் பையைப் பிரிக்கும்போது மட்டும் அக்காவின் முகத்தில் பயம் இருக்காது. துணிகளைத் தரையில் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, தள்ளி நின்று பார்ப்பார். வரவேற்பறையின் ஒரு மூலையில் நின்று, எதிர் மூலையில் பெரியவளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார்.

"திரும்பி நில்லு. முதுகக் காட்டு."

அக்கா தைக்கும் கவுன்களில் முதுகுப்பக்கம்தான் விசேஷம். முன்னால் ஒரே நிறமாக இருக்கும். முதுகில் மயில்பச்சைத் துண்டு ஒன்றைக் கோணலாக வைத்துத் தைத்திருப்பார், இல்லையென்றால் தோளிலிருந்து இடுப்புவரை சிவப்புப் பட்டை இறங்கும். நான் முதலில் அது ஏதோ புது ஃபேஷன் என்றுதான் நினைத்தேன். அழகாகவும் இருக்கும். கீழ் மாடிப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதேபோல் தைத்துக் கேட்டார்கள். எது வேண்டுமானாலும் தைத்துத் தருகிறேன், அதே மாதிரி மட்டும் முடியாது என்றுவிட்டார். கர்வம் பிடித்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

"முதுகுல எதுக்குக்கா இவ்ளோ வேலை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னார். "தூரமா போற பிள்ளையோட முதுகுதானம்மா நமக்குத் தெரியும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

காலையில் பிள்ளைகள் வெளியே கிளம்பும் முன் கிரில்லுக்கு உட்பக்கம் வரிசையாக நிற்பார்கள். அக்கா குனிந்து கேட்பார்.

"இன்னைக்கு என்ன சட்டை?"

பெரியவள் மடமடவென்று ஒப்பிப்பாள். "நீலக் கவுன், வெள்ளக் கழுத்து, முதுகுல மஞ்சள் வட்டம், மூணு பட்டன்." சின்னவளுக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும். ஊதாவைப் பச்சை என்பாள். அக்கா சிரிக்கமாட்டார். சரியாகச் சொல்லும்வரை கதவு திறக்காது. பள்ளி வேன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும்.

பள்ளிச் சீருடைதான் அவருக்குப் பெரிய எதிரி. "எல்லாம் ஒண்ணு போலயே இருக்குதுலா" என்பார். பெரியவளின் வெள்ளைச் சட்டைக் காலருக்கு அடியில் ஒரு சிவப்புத் துணிப் பட்டையை யாருக்கும் தெரியாமல் வைத்துத் தைத்திருந்தார். டீச்சர் அதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, "காலர் கிழிஞ்சிருச்சு டீச்சர், ஒட்டுப் போட்டேன்" என்று பொய் சொன்னாராம்.

கடையில் வாங்கிய துணி எதையும் பிள்ளைகள் போடக்கூடாது. சின்னவளின் பிறந்தநாளுக்கு நான் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு டீ-சட்டை வாங்கிக் கொடுத்தேன். முன்னால் ஒரு பூனைப் படம். அவள் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். மறுநாள் அக்கா அதை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கிரில்லுக்குப் பின்னால் சின்னவள் அழுகிற சத்தம் கேட்டது.

"கோவிச்சுக்காதம்மா. இந்தச் சட்டை கிள்ளான் முழுக்க எத்தன பிள்ள போட்டிருக்கும்னு நெனச்சுப் பாரு."

எனக்குக் கோபம்தான். தீபாவளிக்கு நான் எடுத்த போட்டோவையும் என் போனிலிருந்து அழிக்கச் சொல்லி, அழித்த பிறகு அவரே போனை வாங்கிப் பார்த்தவர். இந்தப் பிள்ளைகள் எப்படித்தான் வளரப்போகின்றனவோ என்று என் கணவரிடம் புலம்பினேன்.

ஒரு தீபாவளிச் சந்தையில்தான் அந்தப் பயத்தை நான் நேராகப் பார்த்தேன். லிட்டில் இந்தியாவில் தோளோடு தோள் உரசுகிற கூட்டம். சின்னவள் என் கையைப் பிடித்திருந்தாள். பெரியவள் எனக்கு முன்னால், முறுக்கு மாவு வாங்குகிற இடத்தில் நின்றிருந்தாள். அக்கா வளையல் கடையிலிருந்து திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் ஒரு ஆள் ஒரு சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். சிறுமியின் முதுகு மட்டும் தெரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி. தீபாவளிக்கென்று அக்கா முழுத்துணி வாங்கி, முதுகில் ஒட்டு வைக்காமல் பெரியவளுக்குத் தைத்திருந்த அதே துணி. பாய் கடையில் அதே சுருளிலிருந்து யாரோ வாங்கித் தைத்திருக்கிறார்கள்.

அக்கா கத்தவில்லை. ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினார். போய் அந்தச் சிறுமியின் கையைப் பிடித்து இழுத்தார். பிள்ளை பயந்து அலறியது. அந்த ஆள், "ஏய், என்னா? யாரு நீ? என் பிள்ளைய விடு!" என்று கத்த, கூட்டம் சுற்றிக்கொண்டது. அக்காவால் கையை விட முடியவில்லை. அவர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கவுனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெரியவளை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். "அக்கா, இங்க பாருங்க. இங்கதான் இருக்கா." அவர் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தன.

அதற்குப் பிறகு அவர் ஒரே துணியில் கவுன் தைத்ததில்லை. இரண்டு மூன்று துணிகளைச் சேர்த்துத்தான் தைப்பார்.

அந்தச் சம்பவத்துக்குச் சில நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கவுனின் அடி ஓரத்தை மடித்துக் கையால் தைத்துக்கொண்டே அவராகவே சொன்னார்.

"பெரியவளுக்கு அப்ப மூணு வயசு. நர்சரில விட்டுட்டு ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் போய் நிக்கிறேன், அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரேங்கறாங்க. வீட்டுக்கு ஓடுறேன், அங்க இல்ல. போன் எடுக்கல. போலீஸ் பாலாய்க்குப் போயி சொன்னேன். என்ன சட்ட போட்டிருந்துச்சுன்னு கேட்டாங்க."

ஊசி நின்றது.

"எனக்குத் தெரியலம்மா. காலைல அவசர அவசரமா நான்தான் போட்டுவிட்டேன். இந்தக் கையாலதான். மஞ்சளான்னு கேட்டா மஞ்சள் மாதிரி இருக்கு. ரோசான்னு கேட்டா ரோசு மாதிரி இருக்கு. ஏதோ கடைச் சட்டை. அந்தப் போலீஸ்காரரு என்னைய ஒரு பார்வ பாத்தாரு பாரு. அப்புறம் சொல்றாரு, அப்பாதானே கூட்டிட்டுப் போயிருக்காரு, வந்துருவாரு, வீட்டுக்குப் போங்கன்னு."

"வந்தாராக்கா?"

"அவனுக்குத் தோணுனப்ப வந்தான். பல வாரம் கழிச்சு. பிள்ளைக்கு முடியெல்லாம் ஒட்ட வெட்டியிருந்துச்சு. எங்கிட்ட வரல. யாரோ மாதிரிப் பாத்துச்சு. அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான், 'நெனச்சா எப்ப வேணும்னாலும் கூட்டிட்டுப் போவேன். இப்பத் தெரிஞ்சுச்சா?'ன்னு. அடிக்கல, திட்டல. அவ்ளோதான் சொன்னான். அப்ப சின்னவ என் வயித்துல இருந்தா."

மறுபடியும் ஊசி நகர ஆரம்பித்தது.

"கையால தச்சா மறக்காதும்மா. ஊசி குத்துன எடமெல்லாம் ஞாபகம் இருக்கும்."

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கதை புதிதில்லை என்பது அவள் தலை நிமிராததிலேயே தெரிந்தது.

பிள்ளைகளின் அப்பாவை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைக் காலை. என் மரக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீடு கூட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கிரில்லை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. மிஷின் நின்றது. எட்டிப் பார்த்தேன். அயர்ன் செய்த சட்டை, நன்றாக வாரிய தலை. கையில் பெரிய கடைப் பை ஒன்று. நெற்றியில் விபூதி. நான் எதிர்பார்த்த முகமே இல்லை. கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுப்போமே, அப்படி ஒரு முகம்.

"சிஸ்டர், இந்த வீட்டுல ஆள் இல்லையா?"

"தெரியலையேண்ணே. வெளிய போயிருப்பாங்க."

அவன் சிரித்தான். "இல்ல சிஸ்டர், இருக்காங்க. படி ஏறும்போதே மிஷின் சத்தம் கேட்டுச்சு."

அவன் கதவைப் பார்த்து எதுவும் கத்தவில்லை. பையைக் கிரில் ஓரமாக வைத்து, சாய்ந்துவிடாதபடி நேராக நிமிர்த்தினான். "பிள்ளைங்களோட அப்பா வந்தாருன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் கார்ச் சத்தம் அடங்கிய பிறகுதான் அக்கா கதவைத் திறந்து, பையோடு என்னையும் உள்ளே இழுத்துப் பூட்டினார்.

பையில் இரண்டு கவுன்கள். பளபளவென்று கடைக் கவுன்கள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அக்கா தடுக்கும் முன்னால் சின்னவள் தன்னுடையதைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டுவிட்டாள். "அம்மா, எனக்குக் கரெக்டா இருக்கும்மா!" என்று சுற்றிச் சுற்றி ஆடினாள். அக்கா திட்டவில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அவள் தோளை அளந்தார். மார்பை அளந்தார். உயரத்தை அளந்தார். பிறகு பெரியவளின் கவுனை எடுத்து விரித்து அளந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் எடுத்த அளவு மாதிரியே இருக்கும்மா."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"அவன் இதுகளப் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. எங்கயோ நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கான்."

நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். கீழே கார் நிறுத்தும் இடத்தில் எத்தனையோ கார்கள் நின்றிருந்தன. ஒவ்வொரு காருக்குள்ளும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

அன்றே அந்தப் பையைக் குப்பைக் கூண்டில் போட்டுவிட்டு வந்தேன். அக்கா பழைய துவாலைகளை மடித்து மிஷினின் கால்களுக்கு அடியில் வைத்தார். அதன் பிறகு மிஷின் ஓடினால் வெளியே கேட்காது. எங்கள் வரிசையே அமைதியாகிப் போனது. அவன் எங்களை எப்படிக் கண்டுபிடித்தான் என்பது கடைசிவரை தெரியவில்லை. வேறு வீடு பார்க்கலாமே என்றேன். "பள்ளி நடுவுல இருக்குலா. வருஷக் கடைசி வரட்டும்" என்றார்.

வருஷக் கடைசிவரை அவன் காத்திருக்கவில்லை. டியூஷன் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய்விட்டான். அம்மாவைத் தவிர யார் வந்தாலும் விடக்கூடாது என்று அக்கா அங்கே பலமுறை சொல்லியிருந்தார். அன்று வாசலில் ஒரு புதுப் பெண் இருந்தாள். வகுப்பு முடியும் முன்னாலேயே அவன் வந்து, மெதுவாகப் பேசி, பிள்ளைகளின் பெயரைச் சரியாகச் சொன்னானாம். சின்னவள் கார் பின் சீட்டில் இருந்த பொம்மையைப் பார்த்து ஏறிவிட்டாள்.

அக்கா எனக்குப் போன் செய்தபோது அவர் குரல் என்றே தெரியவில்லை. "கார எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

போலீஸ் நிலையத்தில் ஓர் இளம் மலாய்ப் பெண் போலீஸ் எழுதிக்கொண்டார். இந்த முறை பிள்ளைகள் தாயிடம்தான் இருக்கவேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு இருந்ததால் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. என்ன உடை என்று கேட்டார். அக்கா மலாயில் சொல்ல ஆரம்பித்தார். பெரியவள், கரும்பச்சைக் கவுன், கைகள் வெளிர்மஞ்சள், முதுகில் சிவப்புச் சாய்பட்டை, முன்னால் மரப் பட்டன்கள், இடது பாக்கெட்டின் உள்துணி கோடுபோட்டது. சின்னவள், ஊதாக் கவுன், கழுத்தைச் சுற்றி வெள்ளைச் சுருக்கு, முதுகில் நீலச் சதுரம், அதன் ஒரு மூலை கொஞ்சம் வட்டமாக இருக்கும், துணி பற்றவில்லை. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா பின்தங்கியது. "நீங்களே தைத்ததா அக்கா?" என்று தலைநிமிர்ந்து கேட்டார்.

அந்தக் கேள்வியில் அக்கா பாதியில் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

"மாத்திருப்பான்."

"என்னக்கா?"

"அவன்கிட்டதான் அளவு இருக்குல்ல. கார்லயே வேற சட்டை வச்சிருப்பான். இந்நேரம் மாத்திருப்பான்மா. இப்ப அதுக என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெண் போலீஸ் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

அப்போதுதான் அக்காவின் போன் அடித்தது. தெரியாத எண். மலாய்ப் பெண் குரல். வடக்கே போகும் நெடுஞ்சாலையில், பேராக் எல்லை தாண்டி, கார்கள் நிறுத்தி இளைப்பாறும் ஓர் இடம். அங்கே கழிவறையைச் சுத்தம் செய்கிறவராம். "இரண்டு பெண்பிள்ளைகள் என்னோடு இருக்கிறார்கள். பெரிய பிள்ளைதான் இந்த எண்ணைச் சொன்னது. வெளியே ஓர் ஆள் நிற்கிறான். நான் கதவைத் தாழ் போட்டிருக்கிறேன்."

பெண் போலீஸ் அந்த வட்டாரத்து நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டார். நாங்கள் கிளம்பினோம். வழி முழுக்க அக்கா போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம், "இருக்காங்களா மக்சிக்?" என்று, மலாயில் பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல், கேட்பார். "இருக்காங்க, இருக்காங்க" என்று மலாயில் பதில் வரும். நடுவில் ஒரு முறை போனிலேயே கதவு இடிபடும் சத்தம் கேட்டது. தமிழில் ஓர் ஆண் குரல், "வாங்கம்மா, அப்பாதானே, வெளிய வாங்க" என்று இனிமையாகக் கூப்பிட்டது. மறுபடி இடி. பிறகு ஆட்கள் கூடும் சத்தம். அக்கா எதிரே தெற்கு நோக்கி வரும் ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஸ்டியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது இறங்கிய பிறகு கை வலித்தபோதுதான் தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரு போலீஸ் கார் நின்றது. அவன் இல்லை. கூட்டம் சேர்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். சாப்பாட்டுக் கடை மேசை ஒன்றில் அந்த மக்சிக் உட்கார்ந்திருந்தார். பழைய தலைத்துணி, ரப்பர் காலணி. அவர் மடியில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியவள் நேராக உட்கார்ந்திருந்தாள். பளபளக்கும் கடைக் கவுன் ஒன்றின்மேல், அம்மா தைத்த பச்சைக் கவுனையும் போட்டிருந்தாள். அதில் முழுக்க ஈரம். ஏதோ குழம்புக் கறை. சின்னவளுக்கும் அப்படியே, ஒன்றின்மேல் ஒன்று.

நடந்ததை மக்சிக்தான் சொன்னார். அவன் காரிலேயே பிள்ளைகளுக்கு உடை மாற்றி, பழைய கவுன்களைக் கழிவறைக்கு வெளியே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பெரியவள் கேட்டதற்காக இருவரையும் கழிவறைக்கு அனுப்பியிருக்கிறான். அவன் பக்கத்தில் தண்ணீர் வாங்கத் திரும்பிய நேரம், இந்தப் பிள்ளை தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுத் தேடிக்கொண்டிருந்ததாம். கவுன்களை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்து, முதலில் தங்கைக்குப் போட்டுவிட்டது. "பிறகு அழுதுகொண்டே தனக்குப் போட்டுக்கொண்டது. அப்படி அழுகிற பிள்ளையை எப்படி வெளியே விடுவது? அதனால்தான் கதவைச் சாத்தினேன்" என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, மன்னிச்சிருங்கம்மா" என்றாள் பெரியவள். "ஒரு பட்டன் காணோம். தொட்டிக்குள்ள தேடுனேன், கெடைக்கல."

திரும்பி வரும் வழியில் பிள்ளைகளோடு அக்கா பின்சீட்டில் உட்கார்ந்தார். சின்னவள் அவர் மடியில் தூங்கிப்போனாள். பிறகு அக்கா கேட்பது கேட்டது.

"நீ ஏன்டா கார்ல ஏறுன? அம்மா சொல்லியிருக்கேன்ல?"

"தங்கச்சி ஏறிட்டாம்மா. தனியா எப்படி விடுறது?"

"சரிடா. அந்த ஆன்டியப் பாத்ததும் நம்பரச் சொல்லியிருக்கலாம்ல. குப்பையில போயி எதுக்குடா கைய விட்ட?"

பெரியவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "நீங்க போலீசுல இந்தச் சட்டையத்தானம்மா சொல்லியிருப்பீங்க. வேற சட்ட போட்டிருந்தா நீங்க என்னையத் தேட மாட்டீங்களே."

கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாலையைத்தான் பார்த்தேன். ரவாங் ஊரைத் தாண்டும்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா அந்தப் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். கவுனைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அக்கா பிள்ளைகளுக்குத் தைக்கவில்லை. காலையில் சட்டை ஒப்பிக்கச் சொல்வதையும் விட்டுவிட்டார். அவனைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். ஜாமீனில் வெளியேதான் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே என்னைக் கூப்பிட்டார். "வாம்மா, பிள்ளைங்களுக்குக் கடையில ஏதாச்சும் வாங்குவோம்." எனக்கு ஆச்சரியம். பேரங்காடியில் சின்னவள் வரிசை வரிசையாகத் தொங்கிய சட்டைகளுக்குள் புகுந்து ஓடினாள். பெரியவள் வாசலைத் தாண்டி வரவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எது புடிக்குதோ எடுத்துக்கடா" என்றார் அக்கா.

"வேணாம்மா. இதெல்லாம் எல்லாரும் போட்டிருப்பாங்க."

அக்கா அவள் முன்னால் மண்டியிட்டார். பின்னால் கட்டியிருந்த அவள் கைகளை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். சின்னவளுக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவர்கள் காலி செய்துகொண்டு போவதற்குச் சில நாள் முன்னால், பெட்டி கட்டுவதற்குக் கயிறு கொடுக்கப் போயிருந்தேன். அக்கா சாமான்களை அட்டைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் தரையில் துணிப் பையைக் கவிழ்த்து, இரண்டு துணிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. அவள் உயரத்துக்கு அது முழங்கால்வரை இருந்தது.

"என்னடா தைக்கப் போற? பொம்மைக்கா?" என்றேன்.

"இல்ல ஆன்டி. அம்மாவுக்கு."

அக்கா திரும்பினார். "அம்மாவுக்கு எதுக்குடா? அம்மாகிட்ட நெறைய இருக்கே."

"அதெல்லாம் கடையில வாங்குனது. எனக்கு ஞாபகம் இருக்காது." அவள் எழுந்து டேப்பைப் பிரித்துக்கொண்டு வந்தாள். "நீங்க காணாமப் போனா போலீசுல என்னையத்தானம்மா கேப்பாங்க."

"அம்மா எங்கயும் போக மாட்டேன்டா."

"நீங்க போக மாட்டீங்கம்மா. யாராச்சும் கூட்டிட்டுப் போனா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கயிற்றைப் பெட்டிமேல் வைத்தேன். வெளியே யாரோ படியேறி, எங்கள் மாடியைத் தாண்டி மேலே போனார்கள். அந்தக் காலடிச் சத்தம் ஓயும்வரை மூன்று பேரும் அசையவில்லை.

"கையத் தூக்குங்கம்மா" என்றாள் பெரியவள்.

அக்கா மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். பிள்ளை நுனிக்காலில் எம்பி, தன் தாயை அளக்க ஆரம்பித்தது.